காய்கறி வாங்கப் போகும் வண்டிக்கு ஏன் இத்தனை வேகம்? கோல்ஃப் ஜிடிஐ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 மே மாதம் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ என்ற வேகமான சின்னக் கார் இந்தியாவுக்கு வந்தது. அன்றிலிருந்து சொந்தக்காரர்கள், அலுவலக நண்பர்கள், குடியிருப்பின் வாட்ஸ்அப் குழு என்று எல்லாப் பக்கமிருந்தும் கேள்விகள். கேட்பவர்களில் பாதிப் பேருக்கு வாங்கும் எண்ணமே கிடையாது. “இதையும் ஒருத்தர் காசு கொடுத்து வாங்குவாரா?” என்பதுதான் அவர்கள் சந்தேகம். என்னிடம் இந்தக் கார் இல்லை. நண்பர் ஒருவருடையதை இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன், அவ்வளவுதான். என் வீட்டில் நிற்பது கோயம்புத்தூர்க்காரர்கள் கைவைத்த ஒரு டாடா டியாகோ ஜேடிபி. அதன் கதை கீழே வரும். ஆகவே நான் நடுநிலையாளன் அல்ல, இந்தப் பைத்தியம் ஏற்கெனவே பிடித்தவன். அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

இந்தச் சின்ன வண்டிக்கா 53 லட்சம்?

ஆமாம், 2025 மே மாதம் வந்தபோது அதுதான் விலை, அதுவும் ஷோரூம் விலைதான். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கு மேற்பட்ட கார்களுக்குச் சாலை வரி 20 சதவீதம். அதையும் இன்ஷூரன்ஸையும் சேர்த்தால் 65 லட்சத்தைத் தொட்டது. கார் ஜெர்மனியின் வொல்ஃப்ஸ்பர்க் ஆலையிலேயே முழுதாகச் செய்து இறக்குமதியாகிறது. விலையில் பெரும் பங்கு நம் அரசுக்குப் போகும் வரி. ஜெர்மனியில் இது நடுத்தரக் குடும்பம் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் வாங்கிவிடக்கூடிய வண்டி. இங்கே அதே காசுக்குப் பெரிய சொகுசு கார் கிடைக்கும்.

அப்படியிருந்தும் முதலில் ஒதுக்கப்பட்ட 150 வண்டிகளும், விலையை அறிவிக்கும் முன்பே முன்பதிவில் தீர்ந்துவிட்டன. விலை தெரியாமலே பணம் கட்டியவர்கள் கணக்குப் பார்த்து வாங்குபவர்கள் இல்லை என்பது தெரிகிறது. அவர்கள் எதற்காக வாங்கினார்கள் என்பதைத்தான் இந்தப் பக்கம் முழுவதும் சொல்ல முயல்கிறேன்.

சாதாரண கோல்ஃபுக்கும் ஜிடிஐ-க்கும் என்ன வித்தியாசம்?

கோல்ஃப் என்பது 1974-ல் வந்த, பின்பக்கம் கதவு திறக்கும் ஹேட்ச்பேக் கார். வடிவமைத்தவர் இத்தாலியின் ஜியூஜியாரோ. ஐரோப்பாவில் ஆசிரியர், தபால்காரர், டாக்டர் என்று எல்லோர் வீட்டு வாசலிலும் நின்ற வண்டி. ஜிடிஐ அதே உடம்புதான். அதே கதவு, அதே பின்சீட்டு, அதே டிக்கி. மாறுவது உள்ளே இருக்கும் இன்ஜின், சஸ்பென்ஷன், பிரேக், டயர் ஆகியவை. வெளியே முன்கிரில்லில் ஒரு சிவப்புக் கோடு ஓடும். தெரிந்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்கு அது இன்னொரு கார்.

இப்போது விற்பதில் 2 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின். 265 பிஎஸ் (குதிரைத்திறன்), 370 நியூட்டன் மீட்டர் டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் விசை). 0-விலிருந்து 100-ஐ எட்ட 5.9 விநாடி. உச்ச வேகத்தை 250 கிலோமீட்டரில் கட்டிப்போட்டிருக்கிறார்கள்.

இப்படி ஒரு வண்டியைச் செய்யலாம் என்று யாருக்கு, எப்படித் தோன்றியது?

எனக்குப் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1973-ல் ஃபோக்ஸ்வாகன் இருந்த நிலைமை மோசம். பீட்டில் காரின் காலம் முடிந்துகொண்டிருந்தது. அடுத்த காரான கோல்ஃப் இன்னும் வரவில்லை. அந்த ஆண்டு இறுதியில் எண்ணெய் நெருக்கடி வேறு. ஜெர்மனியில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டவே தடை போட்டார்கள். வேக வரம்பே இல்லாத ஆட்டோபானுக்கும் சில மாதங்கள் 100 கிலோமீட்டர் வரம்பு வந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் வேகமான கார் என்று எந்த முதலாளியிடம் போய் நிற்பது?

ஆனால் அதே 1973 மார்ச்சில், அல்ஃபோன்ஸ் லோவன்பெர்க் என்ற பொறியாளர் சக ஊழியர்கள் சிலருக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தார். நாமும் ஒரு ஸ்போர்ட்ஸ் மாடல் செய்தால் என்ன என்பதுதான் விஷயம். பெரும்பாலானவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஒன்றிரண்டு பேர் காது கொடுத்தார்கள். நிறுவனத்தின் பத்திரிகைத் தொடர்பு அதிகாரி அன்டன் கான்ராட் அவர்களில் ஒருவர். மேலிடத்து அனுமதியே இல்லாமல் ஒரு சின்னக் கூட்டம் சேர்ந்தது. கான்ராட் வீட்டில் கூடிப் பேசியதும் உண்டு. ஷிரோக்கோ கார் ஒன்றை எடுத்து முதல் மாதிரியைச் செய்தார்கள். அது இரைந்தது, குலுக்கியது, யாராலும் அன்றாடம் ஓட்ட முடியாது என்று ஆனது. பிறகு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக நாகரிகப்படுத்தினார்கள். எவ்வளவு முரட்டுத்தனத்தை எடுத்துவிடுவது, எவ்வளவை விட்டுவைப்பது என்பதுதான் அவர்கள் வேலையாக இருந்தது என்று நினைக்கிறேன். இன்று வரை இந்த வகைக் கார்களின் வெற்றியும் தோல்வியும் அந்த ஒரு கணக்கில்தான் இருக்கிறது.

1975-ல் மேலிடம் தலையாட்டியது. செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் காட்டினார்கள். 1976 ஜூனில் விற்பனை. 1.6 லிட்டர் இன்ஜின், கார்புரேட்டருக்குப் பதில் போஷ் நிறுவனத்தின் எரிபொருள் இன்ஜெக்‌ஷன், 110 பிஎஸ். இன்று கேட்டால் சிரிப்பு வரும் எண். ஆனால் அந்தக் காரின் எடை சுமார் 810 கிலோதான். 182 கிலோமீட்டர் வேகம் போகும். அன்றைய ஆட்டோபானில் இடதுபக்க லேன் என்பது மெர்சிடிஸ்காரர்களின் பட்டா நிலம் மாதிரி. அங்கே திடீரென்று கண்ணாடியில் ஒரு கோல்ஃப் தெரிந்து, அது விலகவும் மறுத்தால் எப்படியிருக்கும்? இந்த வண்டிக்குக் கிடைத்த பெயருக்கு அந்தக் கடுப்பும் ஒரு காரணம்.

பந்தயத்தில் சேர்க்க விதி கேட்ட 5,000 வண்டி விற்றால் போதும் என்று நினைத்தார்கள். முதல் தலைமுறை மட்டுமே 4.5 லட்சத்துக்கு மேல் விற்றது.

கட்டம் போட்ட சீட்டுத் துணியும் கோல்ஃப் பந்து கியர் குமிழும் யார் யோசனை?

குன்ஹில்ட் லில்யக்விஸ்ட் என்ற பெண்மணியின் யோசனை. பீங்கானில் ஓவியம் தீட்டப் படித்தவர். ஃபோக்ஸ்வாகனின் துணி, வண்ணப் பிரிவில் வேலை பார்த்தார். பிரிட்டனில் பார்த்த ஸ்காட்லாந்துக் கட்டத் துணி அவர் மனதில் நின்றிருந்தது. கறுப்பு, சிவப்பு, சாம்பல் கட்டங்களை ஸ்போர்ட்ஸ் சீட்டில் கொண்டுவந்தார். நம் கண்ணுக்கு அது லுங்கித் துணி மாதிரிதான் முதலில் தெரியும். என் அண்ணி பார்த்தவுடனே அதைத்தான் சொன்னார். கார் பெயர் கோல்ஃப் ஆயிற்றே என்று கியர் கம்பியின் தலையில் பந்தை வைத்ததும் அவர்தான். ஐம்பது ஆண்டு கழித்து, இந்தியாவுக்கு வந்த வண்டியிலும் கட்டம் போட்ட சீட்டு இருக்கிறது. லெதர் சீட்டு இல்லையா என்று கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் துணிக்காகவே வாங்கியவர்களும் உண்டு.

உலகின் முதல் ஹாட் ஹேட்ச் (வேகமான ஹேட்ச்பேக்) இதுதானா?

இல்லை. பந்தயக் கார் கட்டும் ஜான் கூப்பர் 1961-லேயே மினி காருக்குப் பெரிய இன்ஜின் போட்டார். அந்த மினிகள் 1964, 65, 67 ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியை வென்றன. ஆனால் பழைய மினிக்குப் பின்கதவு கிடையாது. பிரான்சில் ரெனோ 5 ஆல்பைன் 1976-ல்தான், ஜிடிஐ-யோடு சேர்ந்தே வந்தது. யார் முதல் என்று அடித்துக்கொள்பவர்கள் அடித்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் எல்லோரும் பார்த்துப் பின்பற்றியது ஜிடிஐ-யை. அந்த மூன்று எழுத்துகளையே பெஷோ தன் 205-க்கு எடுத்துக்கொண்டது.

வேகம்தான் வேண்டுமென்றால் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கிக்கொள்ளலாமே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு வாரம் வாழ்ந்திருக்க மாட்டார்கள். இரண்டு சீட்டு. அம்மாவை ஏற்றினால் பிள்ளையை எங்கே வைப்பது? மூட்டு வலி உள்ளவர் உட்கார்ந்தால் எழுந்திருக்க இன்னொருவர் கை கொடுக்க வேண்டும். அரிசி மூட்டை வைக்க இடம் கிடையாது. நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அடிவயிறு உரசும். அதனால் அந்தக் கார் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு மட்டும் வெளியே வரும். மற்ற ஆறு நாளும் போர்வைக்குள் தூக்கம்.

ஜிடிஐ-யின் ஈர்ப்பு இங்கேதான். அது உங்கள் வாரத்தை இரண்டாகப் பிரிப்பதில்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பிள்ளையை இறக்கிவிட்டுத் திரும்பும்போது, காலியாக இருக்கும் அந்த ஒரு ரவுண்டானாவில் உங்களுக்கு எட்டு விநாடி சந்தோஷம் கிடைக்கும். மாலையில் கேஸ் சிலிண்டர் தூக்கிப் போட்டாலும் ஏற்றுக்கொள்ளும். அதற்கென்று நேரம் ஒதுக்க வேண்டாம், வீட்டில் காரணம் சொல்லவும் வேண்டாம். ஓட்டுவதில் ஆசை இருந்தும் ஒரே ஒரு கார் வைத்துக்கொள்ளத்தான் இடமும் பணமும் இருக்கிறவர்களுக்காகப் பிறந்த வண்டி இது. இங்கே 53 லட்சம் கொடுத்து வாங்கியவர்களின் வீட்டில் இன்னும் இரண்டு கார் நிற்கும் என்பது இந்தக் கதையின் வேடிக்கை.

நம் சாலையில் 100-க்கு மேல் போவதே தப்பு. 265 பிஎஸ் வைத்து என்ன செய்வது?

உச்ச வேகத்தை வைத்து யோசிப்பதால் வரும் சந்தேகம் இது.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் மலைச்சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே யாரும் 100-ல் போவதில்லை, போகவும் கூடாது. 30-க்கும் 50-க்கும் நடுவில்தான் எல்லாமே நடக்கும். வளைவுக்கு முன் பிரேக் மிதித்தால் வண்டியின் எடை முன்னுக்கு வரும். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் சாதாரண கார் ஒரு கணம் யோசிக்கும்: உடம்பு ஒரு பக்கம் சாயும், அதன் பிறகே திரும்பும். நல்ல ஹாட் ஹேட்ச் அந்தக் கணத்தை எடுத்துக்கொள்வதில்லை. கை நினைத்ததும் மூக்கு திரும்பியிருக்கும். வளைவு விரியும்போது காலை அழுத்தினால் கியரைக் குறைக்காமலேயே ஏற்றத்தில் இழுக்கும். இந்த வண்டியில் இன்ஜின் நிமிடத்துக்கு 1,600 சுழற்சியைத் தாண்டியவுடனே முழு டார்க்கும் கிடைத்துவிடுகிறது. இதெல்லாம் 45 கிலோமீட்டர் வேகத்தில். கொல்லிமலைக்குப் போனால் 70 வளைவு. மகிழ்ச்சியும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு என்று சொல்லலாம், பின்சீட்டில் இருப்பவர்களுக்கு வாந்தி வராத வரைக்கும்.

இன்னொரு பயனும் உண்டு. இருவழிச் சாலையில் லாரியை முந்தும் நேரம். சாதாரண சின்னக் காரில் எதிரே வருவது பஸ்ஸா, தூரம் எவ்வளவு, கியரைக் குறைக்கலாமா என்று ஒரு பரீட்சையே எழுத வேண்டும். இதில் எதிர்ப்பக்கத்தில் நீங்கள் இருக்கும் நேரம் பாதியாகக் குறையும். அதற்காக முந்தக்கூடாத இடத்தில் முந்தலாம் என்று அர்த்தம் இல்லை. குறுகிய வளைவுகளில் மேலே ஏறி வருபவருக்கு வழிவிட்டுத்தான் ஆக வேண்டும். அந்த மரியாதை 265 பிஎஸ்-க்கும் பொருந்தும்.

வேகமாகத்தான் போய்ப் பார்க்க வேண்டும் என்றால் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. அந்தத் தடத்துக்குப் பக்கத்திலேயே ஹூண்டாய் ஆலை. நம் ஊர் ஐ20 என் லைன் அங்கேதான் உருவாகிறது. தடத்துக்குப் போக நேரமும் கட்டணமும் ஆகும், டயர் தேயும். ஒருமுறை போய்வந்தால் சாலையில் காட்டும் வீரம் குறையும் என்பது என் அனுபவம்.

முன்சக்கரம் இழுக்கும் வண்டியில் இவ்வளவு பவர் கொடுத்தால் ஸ்டியரிங்கைப் பிடுங்காதா?

பிடுங்கும். டார்க் ஸ்டியர் என்பார்கள். திசை திருப்பும் வேலையும் இழுக்கும் வேலையும் ஒரே ஜோடிச் சக்கரத்தின் தலையில் விழுவதால் வரும் தொல்லை. இன்ஜினிலிருந்து இரண்டு சக்கரத்துக்கும் போகும் அச்சுகளின் நீளம் வேறுபட்டாலோ, ஒரு டயருக்குப் பிடி குறைந்தாலோ, வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வளைவில் இன்னும் மோசம். உள்பக்கச் சக்கரத்தில் எடை குறைவாக இருக்கும். சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் சாதாரண டிஃபரன்ஷியல், பிடியில்லாத அந்தச் சக்கரத்தையே வெறுமனே சுழற்றவிட்டு சக்தியை வீணாக்கும். வண்டி நேராக, வளைவுக்கு வெளியே போகப் பார்க்கும்.

இப்போதைய ஜிடிஐ-யில் இதற்கென்று மின்னணு முறையில் பூட்டிக்கொள்ளும் டிஃபரன்ஷியல் இருக்கிறது. அது சக்தியை வெளிப்பக்கச் சக்கரத்துக்குத் தள்ளும். ஓட்டும்போது எப்படித் தெரியும் என்றால், இதற்கு மேல் மிதித்தால் வெளியே ஓடிவிடும் என்று நீங்கள் பயப்படும் இடத்தில் மிதித்தால் வண்டி உள்ளே இழுத்துக்கொள்ளும். முதல் தடவை நடந்தபோது நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த வண்டிக்காரர் சிரிக்கவில்லை.

பழைய ஜிடிஐ படங்களில் பின்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நிற்கிறதே, பழுதா?

பழுது இல்லை, பெருமை. முன்னால் இன்ஜின் கனம், பின்னால் ஒன்றும் இல்லை. போதாததற்குப் பின்பக்கத்தைச் சாயவிடாமல் இறுக்கமாக வைத்திருக்கிறார்கள். வளைவில் எடை வெளிப்பக்க முன்சக்கரத்துக்கு ஓடும்போது, குறுக்கே இருக்கும் உள்பக்கப் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். நாய் காலைத் தூக்குவது போல என்று ஓட்டுபவர்களே கிண்டல் செய்வார்கள்.

எல்லாத் தலைமுறை ஜிடிஐ-யும் நன்றாக இருக்குமா?

கிடையாது. ரசிகர்கள் பூசி மெழுகுவார்கள், நான் சொல்லிவிடுகிறேன். முதல் இரண்டும் தங்கம். 1990-களில் வந்த மூன்றாவது எடை போட்டுவிட்டது. 2 லிட்டர் இன்ஜின் போட்டும் முதலில் 115 பிஎஸ்தான். நான்காவது அழகாகச் செய்த, மிருதுவான, தூக்கம் வரவழைக்கும் கார். அந்தக் காலத்தில் டீசல் வண்டியில்கூட ஜிடிஐ என்று பெயர் ஒட்டி விற்றார்கள். பெயருக்கு இருந்த மதிப்பு கரைந்தது. 2004-ல் வந்த ஐந்தாவதுதான் மானத்தைக் காப்பாற்றியது: 200 பிஎஸ் டர்போ, புதிய பின்சஸ்பென்ஷன். ஏழாவது பல பேருக்கு இன்றும் முதல் தேர்வு. எட்டாவதில் பட்டன்களையெல்லாம் எடுத்துவிட்டுத் தடவும் பலகை வைத்தார்கள். ஏசி குளிரைக் கூட்டச் சாலையிலிருந்து கண்ணை எடுக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர்கள் திட்டித் தீர்த்தபின், 2024-ல் புதுப்பித்தபோது ஸ்டியரிங்கில் பட்டன்கள் திரும்ப வந்தன. இந்தியாவில் கிடைப்பது இந்தப் புதுப்பித்த வண்டி.

இன்ஜின் சத்தத்தில் ஒரு பகுதி செயற்கையாகக் கூட்டிக் கொடுப்பது என்பதும் தெரிந்திருக்கட்டும். எனக்கு அது பிடிக்கவில்லை. அணைத்து வைத்துக்கொள்ளலாம்.

கிளட்ச் மிதித்து கியர் போட முடியாதாமே?

முடியாது. 2024-லிருந்து உலகம் முழுவதுமே ஏழு கியர் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் மட்டும்தான். இரண்டு கிளட்ச் மாறி மாறி வேலை செய்வதால் கியர் மாறுவது கண் இமைப்பதற்குள் முடிந்துவிடும். நம் கையால் அந்த வேகம் வராது. சென்னை நெரிசலில் நன்றி சொல்லத் தோன்றும். ஆனாலும் கோல்ஃப் பந்துக் குமிழ் இல்லாத ஜிடிஐ, உப்புப் போடாத ஊறுகாய்தான்.

மைலேஜ் எவ்வளவு?

ஐரோப்பிய அளவீட்டில் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் அருகில். நீங்கள் இதை வாங்குவது எதற்கோ, அதைச் செய்தால் அது கிடைக்காது. நகரத்தில் ஒற்றை இலக்கத்துக்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டில் இந்த வகைக் கார்களே அழிகின்றனவாமே?

இரண்டாம் முறையாக அழிகின்றன. முதல் முறை பிரிட்டனில், 1990-ஐ ஒட்டி. வேகமான, பூட்டை எளிதில் உடைக்கக்கூடிய சின்னக் கார்கள். திருடி ஓட்டி விளையாடுவது அன்றைய விடலைகளுக்குப் பொழுதுபோக்காகவே ஆகிப்போனது. இன்ஷூரன்ஸ் கட்டணம் ஏறியதில் இளைஞர்கள் இந்தக் கார்களைக் கைவிட்டார்கள். இப்போது காரணம் புகைக்கட்டுப்பாடு. ஃபோர்டின் ஃபியஸ்டா எஸ்டி 2023-ல் நின்றது; ஹோண்டா சிவிக் டைப் ஆர் ஐரோப்பாவில் விடைபெற்றுவிட்டது. ஜிடிஐ பெயரில் ஒரு மின்சார போலோ வருவதாக ஃபோக்ஸ்வாகன் சொல்லியிருக்கிறது.

ரசிகர் கூட்டமே தொல்லையான கதையும் உண்டு. 1982-லிருந்து ஆஸ்திரியாவின் வோர்தர்சே ஏரிக்கரையில் ஆண்டுதோறும் ஜிடிஐ திருவிழா. அங்கே கல்லில் செதுக்கிய ஜிடிஐ சிலையே இருக்கிறது. ஊர்க்காரர்கள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் 2023-ல் உள்ளூர் நிர்வாகம் போதும் என்று சொல்லிவிட்டது. அடுத்த ஆண்டு நிறுவனம் தன் சொந்த ஊரான வொல்ஃப்ஸ்பர்க்கில் கூட்டத்தை வைத்துக்கொண்டது.

இந்தியாவில் ஏன் இது நிலைக்கவே இல்லை?

முதல் காரணம் வரி. 2006 பட்ஜெட்டில், அப்போதைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், 4 மீட்டருக்கு உட்பட்ட நீளமும் 1,200 சிசி-க்கு உட்பட்ட பெட்ரோல் இன்ஜினும் உள்ள கார்களுக்குக் கலால் வரியைக் குறைத்தார். சின்னக் கார் தொழில் வளர்ந்தது. கூடவே இன்னொன்றும் நடந்தது: சின்ன உடம்பில் பெரிய இன்ஜின் வைத்தால் பெரிய கார் வரி. ஹாட் ஹேட்ச் என்பதே சின்ன உடம்பில் பெரிய இன்ஜின்தானே! அந்த வகையையே குறி வைத்து அடித்தது போல ஆகிவிட்டது, அது யாருடைய நோக்கமும் இல்லை என்றாலும்.

இரண்டாவது, வாங்குபவரின் மனக்கணக்கு. நம் ஊரில் காரின் மதிப்பு நீளத்தில் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஒரு ஹேட்ச்பேக்கும் அதே விலைக்கு உயரமான ஒரு வண்டியும் நின்றால், பெண் வீட்டார் கண்ணுக்கு எது தெரியும்?

முயற்சி செய்யாமல் இல்லை. 2015-ல் ஃபியட் நிறுவனம் அபார்த் புண்டோவைப் பத்து லட்சத்துக்குள் கொடுத்தது, 145 பிஎஸ். அந்த விலைக்கு அவ்வளவு சக்தி வேறு எதிலும் இல்லை. 2016-ல் ஃபோக்ஸ்வாகன் போலோ ஜிடிஐ-யை வெறும் 99 வண்டி மட்டும் இறக்குமதி செய்தது. 192 பிஎஸ், மூன்று கதவு, 26 லட்ச ரூபாய். அந்த 99-ஐ விற்கவே திணறி, பிறகு விலையை 20 லட்சத்துக்குக் குறைக்க வேண்டியிருந்தது. ஒன்பதாண்டு கழித்து 150 கோல்ஃப் விலை தெரியும் முன்பே தீர்ந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். 2017-ல் மாருதியின் பலேனோ ஆர்எஸ் வந்தது, 102 பிஎஸ். பெயரில் இருந்த காரம் வண்டியில் இல்லை.

அப்புறம் நம்முடையது. கோயம்புத்தூர் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடா மோட்டார்ஸும் சேர்ந்து 2017-ல் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கின. ஜெயத்தைத் தொடங்கிய ஜெ. ஆனந்த் கார் பந்தய வீரராக இருந்தவர். கரிவர்தன், நரேன் கார்த்திகேயன் என்று பந்தயக்காரர்களைத் தந்த ஊரில் இப்படி ஒரு வேலை நடந்ததில் ஆச்சரியம் இல்லை. 2018 அக்டோபரில் டியாகோ ஜேடிபி வந்தது. சாதாரண டியாகோவின் இன்ஜின் 85 பிஎஸ், இதற்கு 1.2 லிட்டர் டர்போவைப் போட்டு 114 ஆக்கினார்கள். 1,200 சிசி-க்குள் என்பதால் சின்னக் கார் வரிதான். கியர் விகிதத்தை மாற்றினார்கள், சஸ்பென்ஷனை இறுக்கினார்கள், அகலமான டயர் போட்டார்கள், ஸ்டியரிங்குக்குக் கொஞ்சம் கனம் கொடுத்தார்கள். ஆனால் தரையிலிருந்து உயரத்தைச் சில மில்லிமீட்டர்தான் குறைத்தார்கள். நம் வேகத்தடை தெரிந்தவர்கள் செய்த வண்டி என்று அதிலேயே தெரியும். விலை 6.39 லட்சம்.

எண்களைப் பார்த்தால் ஜிடிஐ-க்குப் பக்கத்தில்கூட நிற்காது. ஆனால் 1976-ல் லோவன்பெர்க் கூட்டம் செய்ததற்கு மிக அருகில் வந்த இந்திய வண்டி எது என்று கேட்டால், 53 லட்ச ரூபாய் கோல்ஃபை விட இதைத்தான் காட்டுவேன். சம்பளக்காரர் வாங்கலாம், குடும்பம் ஏறலாம், வளைவில் சிரிக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 (பாரத் ஸ்டேஜ்) புகைக்கட்டுப்பாட்டு விதி வந்தபோது நின்றுபோனது. அதே அலையில் பலேனோ ஆர்எஸ்ஸும் போனது.

என் போலோவை ரீமேப் செய்தால் ஜிடிஐ ஆகிவிடுமா?

கோயம்புத்தூர் பக்கம் போனால் அப்படி ஆசை காட்ட ஆள் இருப்பார்கள். டர்போ இன்ஜினில் கணினியின் கட்டளையை மாற்றி அழுத்தத்தைக் கூட்டினால் சக்தி கூடும், உண்மைதான். ஆனால் ஜிடிஐ-யில் இன்ஜின் ஒரு பகுதி மட்டுமே. பிரேக், டிஃபரன்ஷியல், குளிர்விக்கும் ரேடியேட்டர், கியர்பாக்ஸ் தாங்கும் அளவு எல்லாம் சேர்ந்து செய்யப்பட்டது. உங்கள் போலோவின் கியர்பாக்ஸ் பழைய டார்க்குக்குச் செய்தது. வாரன்டி போய்விடும், விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. செய்தே ஆக வேண்டும் என்றால் முதலில் டயர், பிறகு பிரேக் பேட். பெரும்பாலானவர்களுக்கு அதோடு ஆசை தீர்ந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒருவர் 40,000 ரூபாய்க்கு நல்ல டயர் மாற்றிவிட்டு, வண்டியே புதுசு என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வீட்டில் எப்படிச் சம்மதம் வாங்குவது?

265 பிஎஸ் என்று ஆரம்பிக்காதீர்கள். பின்சீட்டில் உட்கார வையுங்கள். ஆறு ஏர்பேக்குக்கு மேல் இருக்கிறது, பின்கதவு அகலமாகத் திறக்கும், ஏசி நன்றாக வேலை செய்யும் என்று காட்டுங்கள். பொய் சொல்ல வேண்டியதில்லை, எல்லாம் உண்மைதான். சஸ்பென்ஷன் கொஞ்சம் கெட்டி என்பதையும் 18 அங்குல டயரின் பக்கச்சுவர் மெல்லியது என்பதையும் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். முதல் பள்ளத்தில் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

பழைய ஜேடிபி, அபார்த், போலோ ஜிடிஐ ஏதாவது வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் வண்டியைப் பார்ப்பதைவிட வைத்திருந்தவரைப் பாருங்கள். காலையில் இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே போய் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போகும் முன்பே சூடாக்கி வைத்திருந்தால் ஏன் என்று கேளுங்கள். ஓட்டி முடித்ததும் டர்போ ஆறச் சில விநாடி ஐடிலில் விட்டு அணைக்கிறாரா, பாய்ந்து சாவியைத் திருப்புகிறாரா என்று கவனியுங்கள். ஆயில் மாற்றிய ரசீதுகள் வரிசையாக இருக்க வேண்டும். நான்கு டயரும் ஒரே கம்பெனியா, ஒரே மாதிரித் தேய்ந்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். ரீமேப் செய்து, விற்பதற்காகத் திரும்பப் பழையதை ஏற்றியிருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கக் கணினி வைத்துப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கைக் கூடவே அழைத்துப் போங்கள். பம்பர், விளக்கு மாதிரி அந்த மாடலுக்கே உரிய பாகங்கள் உடைந்திருந்தால் விலையில் பெரிதாகக் குறைத்துக் கேளுங்கள், தேடி அலையப்போவது நீங்கள்தான். போலோ ஜிடிஐ என்றால் இந்தியாவுக்கு வந்ததே 99. அதனால் விலை பேசும்போது அவர் கை மேலே இருக்கும்.

என் ஜேடிபி விற்பனைக்கு இல்லை. அதையும் அடிக்கடி கேட்கிறார்கள்.